புரட்டாசி முடிந்த கையோடு ஒரு கோழிக் கடை

ஆனந்தமேளாவுக்கான பட்டியலை லிஃப்டுக்குப் பக்கத்துப் பலகையில் ஒட்டியிருந்தார்கள். துர்கா பூஜையின் பஞ்சமி அன்று மாலை எங்கள் குடியிருப்பு மைதானத்தில் நடக்கும் சாப்பாட்டுச் சந்தைக்குத்தான் அந்தப் பெயர். வீட்டில் சமைத்ததைக் கொண்டுவந்து ஆளுக்கொரு மேசை போட்டு விற்பார்கள். அக்கம்பக்கத்தார் வாங்கிச் சாப்பிடுவார்கள். கடைசியில் மூன்று பேருக்குப் பரிசு உண்டு. கொல்கத்தாவின் சால்ட் லேக்கில் இது நடக்காத குடியிருப்பு குறைவு. பட்டியலில் பதினொன்றாவதாக எங்கள் வீட்டு எண் இருந்தது. அதற்கு நேரே, என்னைக் கேட்காமலே, 'சைவ இட்லி, சாம்பார்' என்று எழுதியிருந்தார்கள்.

என் கணவருக்கு மாற்றலாகி நாங்கள் இங்கே வந்த பிறகு அது மூன்றாவது பூஜை. முந்தைய இரண்டு வருடமும் நான் இட்லிதான் போட்டேன். ஆறிப்போன இட்லியைச் சாம்பாரில் மிதக்கவிட்டு, ஸ்பூனால் வெட்டி, ரசித்துத்தான் சாப்பிட்டார்கள். குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனாலும் அந்த வரியைப் படித்தபோது எனக்குச் சுருக்கென்றது. பூஜைக் கமிட்டிச் செயலாளர் மைதானத்தில் நின்று பந்தலுக்கு மூங்கில் இறக்கிக்கொண்டிருந்தார். ஓய்வுபெற்ற பொறியாளர், நல்ல மனிதர். நேராக அவரிடம் போனேன்.

"ஏபார் இட்லி நா. சிக்கன்" என்றேன். இந்த முறை இட்லி இல்லை, கோழி. எனக்குத் தெரிந்த வங்காளத்தில் அவ்வளவு சுருக்கமாகத்தான் சொல்ல வந்தது.

அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். நீங்கள் கோழி சாப்பிடுவீர்களா என்று ஆங்கிலத்தில் மெதுவாகக் கேட்டார், ஏதோ உடல்நலம் விசாரிப்பவர் போல. சாப்பிடுவோம் என்றேன். லிஃப்ட் இருப்பதையே மறந்து இரண்டாவது மாடிக்குப் படியேறி ஓடினேன். பயமா சந்தோஷமா என்று பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

இதில் இவ்வளவு படபடப்பு எதற்கு என்று தோன்றலாம். எங்களுக்கு விருதுநகர்ப் பக்கம். ஆடு, கோழி, கருவாடு என்று எதையும் விட்டுவைக்காத குடும்பம். புரட்டாசி மாதம் மட்டும் பெருமாளுக்காக வீட்டில் கவுச்சி கிடையாது. நாங்கள் கொல்கத்தாவில் வந்து இறங்கியது ஒரு புரட்டாசியில். மூன்றாம் நாள் மேல் வீட்டு அம்மாள் ஒரு கிண்ணம் மீன் குழம்போடு வந்து கதவைத் தட்டினார். அன்று எனக்கு வங்காளம் ஒரு சொல் தெரியாது, இந்தியில் சாப்பிடுவதில்லை என்பதற்கு "நஹி காதே" மட்டும் தெரியும். அதைச் சொன்னேன். இந்த மாதம்தான் சாப்பிட மாட்டோம், அடுத்த மாதம் முள்ளைக்கூட விடமாட்டோம் என்று சொல்ல என்னிடம் மொழி இல்லை. அவர் பதறிப்போய்க் கிண்ணத்தை முந்தானையால் மூடிக்கொண்டு மேலே போனார். ஒரு மணி நேரத்தில் வெங்காயம் பூண்டு கூடச் சேர்க்காத உருளைக்கிழங்குக் கறியோடு திரும்பி வந்தார்.

அன்று மாலைக்குள் நான்கு மாடிக்கும் செய்தி போய்விட்டது. இரண்டாவது மாடியில் வந்திருப்பவர்கள் சுத்த சைவம். அதற்குப் பிறகு யார் வீட்டுப் பிறந்தநாள் என்றாலும் எங்களுக்கு மட்டும் ஓரமாக ஒரு தட்டில் பன்னீர். பூஜையும் அந்த இரண்டு வருடமும் புரட்டாசிக்குள்ளேயே வந்ததால், அப்போதும் நாங்கள் சைவமாகவே தெரிந்தோம். மொழி கொஞ்சம் பிடிபட்டபோது சொல்லும் நேரம் கடந்துவிட்டது. ஒருவர் நமக்காகத் தனி வாணலி ஒதுக்கிச் சமைத்துத் தந்துகொண்டிருக்கும்போது எந்த முகத்தோடு சொல்வது? ஞாயிற்றுக்கிழமைதோறும் ஜன்னலை எல்லாம் சாத்திவிட்டுக் கோழி வறுத்தோம்.

மேல் வீட்டு அம்மாளை நான் தீதி என்று கூப்பிடுவேன். அக்கா என்று பொருள். திதி என்று குறுக்கி எழுதினால் தமிழில் வேறு அர்த்தம் வந்து தொலைக்கும், அதனால் நீட்டியே எழுதுகிறேன். ஐம்பத்தாறு வயது, மாநில அரசு அலுவலகம் ஒன்றில் வேலை. கணவருக்கு வடக்கு வங்காளத்தில் உத்தியோகம், மாதம் ஒருமுறை வந்துபோவார். மகனுக்கும் வெளியூரில் வேலை. செயலாளர் வாயிலிருந்து விஷயம் தீதி காதுக்குப் போவதற்குள் நானே சொல்லிவிட வேண்டும் என்று அன்று மாலையே மேலே போனேன்.

தேநீர் போட்டுக் கொடுத்தார். நான் குடிக்காமல் கையில் வைத்துக்கொண்டு, இந்தியும் வங்காளமும் கலந்து, புரட்டாசியில் தொடங்கி எல்லாவற்றையும் சொன்னேன். அவர் பேசியதை என் காதில் விழுந்த தமிழிலேயே சொல்கிறேன்.

"உங்க வீட்டு ஞாயித்துக்கிழமைக் கோழி வாசனை என் குளியலறை ஜன்னல் வழியா நேரா மேல வரும்" என்றார்.

நான் தேநீரைக் கீழே வைத்துவிட்டேன். எத்தனை நாளாகத் தெரியும் என்று கேட்டேன்.

"வந்த ரெண்டாவது மாசத்துலேருந்து. வெளியில தெரிஞ்சா உங்க ஊர்க்காரங்க உங்களை ஒதுக்கி வச்சிடுவாங்களோன்னு நினைச்சேன். பாவம், மறைச்சுச் சாப்பிடுறாங்க, நாம காட்டிக்கொடுக்கக் கூடாதுன்னு வாயைத் திறக்கல."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. என்னைக் காப்பாற்றுவதற்காக இரண்டு வருடம் தெரிந்தே எனக்கு உருளைக்கிழங்கு சமைத்துப் போட்டிருக்கிறார். அவரும் சிரிக்க ஆரம்பித்தார். எவ்வளவு மீன் உன் கண்ணில் காட்டாமல் ஒளித்து எடுத்துப்போனேன் தெரியுமா என்று கணக்குச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, என்ன கோழி செய்யப் போகிறாய் என்று கேட்டார்.

அந்தக் கோழி பிறந்ததும் தற்செயலாகத்தான். எட்டாம் வகுப்புப் படிக்கும் என் மகள் ஒருநாள், சினேகிதி வீட்டில் சாப்பிட்ட மாதிரி காயும் கோழியும் போட்டு வதக்கித் தரச் சொன்னாள். முட்டைக்கோஸ், கேரட், பீன்ஸ், குடைமிளகாய் எல்லாம் நறுக்கி, வேகவைத்த கோழியோடு பெரிய தீயில் புரட்டிவிட்டேன். உப்புச் சப்பில்லாமல் இருந்தது. காலையில் அரைத்த நிலக்கடலைச் சட்டினி மிச்சம் இருந்தது. அதைக் கோழி வெந்த தண்ணீரில் கரைத்து, சோயா சாஸ் விட்டு, கடாயில் ஊற்றி ஒரு புரட்டுப் புரட்டினேன். மகள் தட்டை வழித்துவிட்டு, இன்னும் இருக்கிறதா என்று கேட்டாள். எங்கள் ஊரில் கடலை இல்லாத சமையலறை கிடையாது, சட்டினிக்கும் பொடிக்கும் கொழுக்கட்டைக்கும் கடலைதான். ஆனால் அதற்குள் கோழி இப்படிப் போய் உட்காரும் என்று அதுவரை எனக்கே தெரியாது.

தீதிக்குக் கடலை என்றதும் முகம் மாறியது. இங்கே கடலைக்குச் சீனேபாதாம் என்று பெயர். அது அவருக்குப் பூங்காவில் உட்கார்ந்து உடைத்துத் தின்பது, லோக்கல் ரயிலில் பொட்டலமாக வாங்குவது, பொரியில் கலப்பது. அதை அரைத்துக் கோழியில் ஊற்றுவதா? செய்து காட்டு, பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றார்.

செய்து காட்டலாம்தான். ஆனால் அன்று புரட்டாசி பிறந்து நான்கு நாள் ஆகியிருந்தது. அந்த வருடம் பூஜை தள்ளி வந்ததால், புரட்டாசி செவ்வாய்க்கிழமை முடிந்து வியாழக்கிழமை பஞ்சமி. ஒரு வகையில் அதிர்ஷ்டம், மேளா அன்று நானும் சாப்பிடலாம். இன்னொரு வகையில் சங்கடம், பழகிப் பார்க்க வேண்டிய நாள் எல்லாம் விரதத்துக்குள் விழுந்தது. அறுபது தட்டுக்குச் சமைக்க வேண்டியதை ஒருமுறைகூடச் செய்து பார்க்காமல் இறங்க முடியுமா? கடைசியில் தீதிதான் வழி சொன்னார். அவர் வீட்டு அடுப்பில் நான் சமைப்பது. ருசி பார்ப்பது அவர்.

என் கணவருக்கு இது பிடிக்கவில்லை. புரட்டாசியில் கோழியைக் கையால் தொடுவதும் தப்புதான் என்றார். கைதானே படுகிறது, வாயில் படவில்லையே என்றேன். "என்னமோ செய். பெருமாள்கிட்ட நீயே சொல்லிக்க" என்று பேப்பரை விரித்துக்கொண்டார்.

இரண்டு ஞாயிற்றுக்கிழமை தீதி வீட்டில் சமைத்தேன். அந்த இரண்டு நாளும் எனக்குத் திருவிழாதான். கடலையைத் தோல் கருகாமல் வறுத்து, முறத்தில் புடைத்து, பூண்டும் ஊரிலிருந்து வந்த முண்டு மிளகாய் வத்தலும் வைத்து அரைத்தேன். கோழியை விரல் நீளத்துக்கு வெட்டி இஞ்சி பூண்டும் மிளகும் சோள மாவும் பிசிறினேன். கடாய் புகையும் வரை காத்திருந்து, கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டு எடுத்தேன். மொத்தமாகக் கொட்டினால் தண்ணீர் விட்டு வெந்துபோகும், வறுபடாது. காயைப் போட்ட பிறகு நூறு எண்ணுவதற்குள் இறக்கிவிட வேண்டும். ருசி பார்க்க முடியாததால் மற்ற எல்லாம் கூர்மையாகிவிட்டது. கோழி வெந்துவிட்டதா என்று சத்தத்தை வைத்துச் சொல்லப் பழகினேன். பீன்ஸின் பச்சை எந்த நொடியில் திரும்புகிறது என்று பார்த்தேன். தீதி பக்கத்தில் கரண்டியோடு நிற்பார். ஊதிச் சாப்பிட்டுவிட்டுக் கண்ணை மூடி, இன்னும் கொஞ்சம் இது, இன்னும் கொஞ்சம் அது என்று சொல்வார். அவர் சொன்னதை எல்லாம் போட்டேன். இரண்டாவது ஞாயிறு அவர் தட்டை நக்காத குறைதான். கடலையை இனி ஒன்றும் சொல்ல மாட்டேன் என்று ஒப்புக்கொண்டார்.

புதன்கிழமை ஐப்பசி பிறந்தது. அதே அளவில் எங்கள் வீட்டில் செய்து, முதன்முதலாக நானே வாயில் வைத்தேன். தித்தித்தது. சாதாரணமாக இல்லை, பாயசம் மாதிரித் தித்தித்தது.

கணவர் ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு, "கடலை மிட்டாய்ப் பாகுல கோழி தவறி விழுந்த மாதிரி இருக்கு" என்றார். மகள் இதை ஐஸ்கிரீம் மேலே ஊற்றலாம் என்றாள். சமைக்கும்போது தீதி இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று கேட்டது எல்லாம் சர்க்கரைதான். நானும் எண்ணிக்கை இல்லாமல் போட்டிருக்கிறேன்.

கிண்ணத்தோடு மேலே போனேன். தீதி சாப்பிட்டுப் பார்த்துவிட்டு, சரியாகத்தானே இருக்கிறது என்றார். சர்க்கரை அதிகம் என்றேன். சர்க்கரை இல்லாவிட்டால் காரம் மட்டும் தனியாக நின்று தொண்டையைப் பிடிக்கும் என்றார். காரம் பிடிக்கத்தானே கோழி தின்பது என்றேன். பேச்சு தடித்துவிட்டது. இரண்டு வாரம் என்னை ருசி பார்க்கச் சொல்லிவிட்டு இப்போது குறை சொல்கிறாய் என்றார். அவர் முகம் சிறுத்துப்போனது.

"நான் என் நாக்கைத்தான் குடுக்க முடியும். உன் நாக்கை நான் எங்கேருந்து கொண்டு வர்றது?"

நாளைக்குக் காய் நறுக்க வருகிறேன், ருசி உன் பாடு என்று சொல்லிக் கதவு வரை வந்து அனுப்பிவைத்தார். அன்று மாலையே நான் மொத்தக் கடலையையும் என் இஷ்டப்படி அரைத்தேன். சர்க்கரை ஒரு சிட்டிகை இல்லை. புளி, கூடுதலாக வத்தல், பூண்டு. பெரிய அலுமினிய டேக்சாவில் கோழித் தண்ணீர் விட்டுக் கொதிக்கவைத்து இறக்கினேன். நாக்கு சுரீர் என்றது. எங்கள் ஊர்ச் சுரீர். ஆனாலும் நிறைவாக இல்லை. என்ன குறைகிறது என்று புரியாமலே மூடிவைத்தேன்.

வியாழக்கிழமை மதியம் தீதி அலுவலகத்திலிருந்து அரை நாள் விடுப்புப் போட்டு வந்துவிட்டார். கையில் அரிவாள்மணை. இங்கே அதற்கு வேறு பெயர், பொருள் ஒன்றுதான். தரையில் உட்கார்ந்து காலால் மிதித்துக்கொண்டு, ஆறு முட்டைக்கோஸையும் ஒரு மலை பீன்ஸையும் தீக்குச்சி கனத்தில் அரிந்து தள்ளினார். நான் கோழியை வெட்டினேன். வேலையைப் பற்றித் தவிர வேறு எதுவும் பேசவில்லை. ஆனால் அவர் வந்ததே எனக்குப் போதுமாக இருந்தது. மகள் ஓர் அட்டையில் வங்காள எழுத்தில் எங்கள் கடைக்குப் பெயர் எழுதினாள். அவள் வங்காளம் எழுதுவதைப் பார்த்தால் எனக்கு இன்றும் ஆச்சரியம், தமிழை எழுத்துக்கூட்டித்தான் படிப்பாள். கீழே சிவப்பில், இதில் கடலை இருக்கிறது, ஒத்துக்கொள்ளாதவர்கள் சாப்பிட வேண்டாம் என்றும் எழுதினாள். அவள் வகுப்பில் ஒரு பெண்ணுக்குக் கடலை ஆகாதாம்.

மற்றவர்கள் எல்லாம் சமைத்து எடுத்துவந்தார்கள். நான் அங்கேயே சமைத்துக் கொடுப்பேன் என்று பிடிவாதமாக அனுமதி வாங்கியிருந்தேன். வதக்கிய காய் கால் மணி நேரம் காத்திருந்தால் துவண்டுபோகும். செயலாளருக்குத் தீ பயம். பந்தல் முழுக்கத் துணியும் மூங்கிலும். அதனால் எங்களுக்கு மட்டும் மைதானத்தின் கடைசியில், ஜெனரேட்டரையும் தாண்டி, தண்ணீர்க் குழாய்க்குப் பக்கத்தில் இடம் ஒதுக்கினார். பக்கத்தில் இரண்டு வாளி மணல். அங்கிருந்து பார்த்தால் மற்ற கடைகளின் விளக்கு தெரிந்தது, ஆள் முகம் தெரியவில்லை.

ஆறு மணிக்குச் சங்கு ஊதினார்கள். கூட்டம் பாய்ந்தது. எங்கள் பக்கம் ஒருவரும் வரவில்லை. கட்லட், பிரியாணி, பாயசம் என்று அந்தப் பக்கம் ஒரே இரைச்சல். கணவர் அடுப்பைப் பற்றவைத்துவிட்டுக் கையைப் பிசைந்துகொண்டு நின்றார். நான் கடாயைக் காயவைத்தேன். யாரும் வராவிட்டாலும் முதல் தட்டு போட்டே தீர்வது என்று எண்ணெய் ஊற்றிக் கோழியைப் போட்டேன். சத்தம் எழுந்தது. அதன் மேல் பூண்டு. காற்று பந்தல் பக்கமாக வீசிக்கொண்டிருந்தது.

நான்கைந்து பேர் திரும்பிப் பார்த்தார்கள். கல்லூரிப் பெண்கள் மூன்று பேர் மோப்பம் பிடித்தபடி நடந்து வந்தார்கள். பின்னாலேயே செயலாளரும் அவர் மனைவியும். இன்னும் சிலர். ஐந்தே நிமிடத்தில் பத்துப் பதினைந்து பேர். நான் காயைப் போட்டுப் புரட்டிவிட்டு, டேக்சாவைத் திறந்து கரண்டியை விட்டேன். கரண்டி நட்டக்குத்தலாக நின்றது.

ஒரு ராத்திரியும் ஒரு பகலும் இருந்ததில் கடலை தண்ணீரை எல்லாம் குடித்து அல்வா மாதிரி இறுகிக் கிடந்தது. பெயர்த்துக் கடாயில் போட்டேன். கரையவில்லை. கட்டி கட்டியாகக் கோழியின் மேல் அப்பிக்கொண்டது, தார் மாதிரி. பீன்ஸ் கருக ஆரம்பித்தது. வரிசையில் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

தீதி ஓடினார். கனத்த உடம்பு, புதுப் புடவை, அப்படி ஓடி நான் பார்த்ததில்லை. பந்தலோரத் தேநீர்க் கடையிலிருந்து ஒரு கெட்டில் கொதிநீரைத் தூக்கிக்கொண்டு வந்து டேக்சாவில் ஊற்றினார். கணவரை மத்தால் கடையச் சொன்னார். அவரும் மறுபேச்சில்லாமல் சட்டைக் கையை மடித்துவிட்டுக் கடைந்தார். கருகிய தட்டை ஒதுக்கிவிட்டுக் கடாயைக் கழுவி மறுபடி ஏற்றினேன். குழைந்து, மினுங்கி, ஊற்றுகிற பதத்துக்கு வந்துவிட்டது கடலை. ஆனால் தண்ணீர் சேர்ந்ததில் ருசி செத்துப்போயிருந்தது. ஒரு கரண்டியில் எடுத்து நான் பாதி வாயில் விட்டேன், மிச்சத்தைத் தீதி குடித்தார். அவர் நாக்கும் என் நாக்கும் ஒரே நேரத்தில் ஒரே கரண்டியை ருசி பார்த்தது அதுதான் முதல் தடவை.

"உப்பு" என்றேன். தீதி போட்டார். வத்தல் பொடியை நான் போட்டேன். மறுபடி ருசி பார்த்தோம். காரம் வந்தது, ஆனால் நேற்று நான் தேடிய குறை அப்படியே இருந்தது. நான் தீதியைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்த்தார், கேட்கவில்லை. நானே சர்க்கரை டப்பாவை எடுத்து அவர் கையில் கொடுத்து, "பாதி" என்றேன். அவர் நினைத்ததில் பாதிதான் போட்டார். காரம் உருண்டு திரண்டு உட்கார்ந்தது. தனியாக நின்று தொண்டையைப் பிடிக்கவில்லை. அவர் சொன்னது உண்மைதான்.

அதோடு விடவில்லை. இடுப்பில் சொருகியிருந்த முந்தானை முடிச்சை அவிழ்த்து மூன்று கந்தராஜ் எலுமிச்சையை எடுத்தார். இந்த ஊர் எலுமிச்சை அது, நீளமாக இருக்கும், வெட்டினால் பூவைப் பிழிந்த மாதிரி மணக்கும். எதற்கும் இருக்கட்டும் என்று கொண்டுவந்தாராம். அடுப்பை அணைத்த பிறகுதான் பிழிய வேண்டும், இல்லாவிட்டால் கசக்கும் என்று சொல்லி, அடுத்த கடாயை நான் இறக்கியதும் மேலே பிழிந்தார். வறுத்த கடலையும் அந்த மணமும் சேர்ந்து எழுந்தபோது வரிசையிலிருந்த பெண்களில் ஒருத்தி "உஃப்" என்றாள்.

முதல் தட்டைச் செயலாளரிடம் கொடுத்தேன். நின்றபடியே ஒரு துண்டுக் கோழியும் நான்கு பீன்ஸும் சேர்த்து வாயில் போட்டார். மெல்ல மென்றார். திரும்பிப் பந்தல் பக்கம் பார்த்துக் கையைத் தட்டி யாரையோ கூப்பிட்டார். அவ்வளவுதான், அதற்குப் பிறகு எனக்குத் தலையைத் தூக்க நேரமில்லை. கடாயில் கோழி, எடுத்துவை, பூண்டு, கேரட், பீன்ஸ், கோஸ், குடைமிளகாய், கோழியை மறுபடி உள்ளே, கடலை, ஒரு புரட்டு, எலுமிச்சை, தட்டு. மறுபடி கோழி. ஒரு கடாய்க்கு ஐந்து தட்டு. கை தோளிலிருந்து கழன்றுவிடும் போல இருந்தது, ஆனால் நிறுத்தத் தோன்றவில்லை. ஜெனரேட்டர் சத்தத்தையும் மீறி என் கடாய்ச் சத்தம் எனக்குக் கேட்டது. வரிசை குழாயடியைச் சுற்றி வளைந்து ஜெனரேட்டர் வரை போனது. மகள் தட்டு நீட்டிக்கொண்டே வங்காளத்தில் ஏதோ கூவினாள், எல்லோரும் சிரித்தார்கள். என்ன சொன்னாள் என்று தீதியிடம் கேட்டேன். இரண்டு வருடம் இட்லி தின்ற பாவத்துக்கு இன்று பரிகாரம் என்று கூவுகிறாளாம்.

இடையிடையே அக்கம்பக்கத்துப் பெண்கள் அடுப்போரம் வந்து, நிஜமாகவே நீங்கள் சாப்பிடுவீர்களா என்று கேட்டார்கள். நான் வேலையை நிறுத்தாமல் ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டுக் காட்டினேன். புரட்டாசிக் கதையைத் தீதி எனக்காகச் சொல்லிக்கொண்டே இருந்தார். ஒவ்வொரு தடவையும் கதை கொஞ்சம் நீண்டது. கடைசியாக நான் கேட்டபோது, பெருமாள் என் கனவில் வந்து அனுமதி கொடுத்ததாகப் போய்க்கொண்டிருந்தது.

ஏழரைக்குள் கோழி தீர்ந்துவிட்டது. பின்னால் நின்ற பத்துப் பேருக்குக் காய் மட்டும் போட்டுக் கொடுத்தேன், அதையும் வாங்கிப்போனார்கள். பரிசு எங்களுக்குக் கிடைக்கவில்லை. நடுவர்கள் இருட்டில் எங்கள் கடை வரை வந்தபோது ஒரு துண்டும் மிச்சமில்லை. முதல் பரிசு மூன்றாவது மாடிப் பெரியவர் செய்த வாழைப்பூ வடை மாதிரியான பலகாரத்துக்கு. சைவம். ஒலிபெருக்கியில் அதைக் கேட்டதும் நானும் கணவரும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தோம். அந்தப் பெரியவரே பிறகு வந்து, உன் கோழியை நான் இரண்டு முறை சாப்பிட்டேன் என்று காதோடு சொல்லிவிட்டுப் போனார்.

மணி எட்டுகூட ஆகவில்லை. குழாயடியில் பாத்திரத்தைப் போட்டுவிட்டு உட்கார்ந்தபோதுதான் எங்கள் நான்கு பேரில் ஒருவரும் ஒழுங்காகச் சாப்பிடவில்லை என்று தெரிந்தது. கடாயின் அடியில் கடலையும் கோஸ் நறுக்கும் காய்ந்து ஒட்டியிருந்தன. ஒரு மூலையில் கோழித் துண்டு ஒன்று, ஒன்றே ஒன்று. தீதி பக்கத்துக் கடையிலிருந்து ஒரு பொட்டலம் பொரி வாங்கி வந்து கடாயிலேயே கொட்டி, கரண்டியால் சுரண்டிப் புரட்டினார். சூட்டில் பொரி கடலையை எல்லாம் உறிஞ்சிச் சிவந்தது. நால்வரும் கடாயைச் சுற்றிக் குந்தி, கையாலேயே அள்ளித் தின்றோம். கணவர், இது கோழியைவிட நன்றாயிருக்கிறது என்றார். மகள் அந்தக் கடைசித் துண்டின் மேல் கண் வைத்திருந்தாள். எனக்கும் அதன் மேல்தான் கண்.

தீதி முந்திக்கொண்டு அதை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார்.

"நாளைக்கு சஷ்டி. பிள்ளை பெத்தவங்க கவுச்சி தொடக் கூடாது. எனக்கு இன்னிக்கு விட்டா கிடையாது" என்றார், மென்றபடியே.

எத்தனை நாளைக்கு என்று கேட்டேன். ஒரு நாள்தான் என்றார். ஒரு மாதம் முழுக்க விரதம் இருந்த நான், ஒரு நாள்தானா என்று கேட்டதும், சிரிப்பில் அவருக்குப் புரையேறித் தண்ணீர் கொடுக்க வேண்டியதாயிற்று.